நட்சத்திரக் குறியிட்ட கேள்வி

1

அந்தப் பெண்ணிடம் ஆதார் அட்டை இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தச் சம்பவத்தை யாரிடம் சொன்னாலும், "அட்டை இல்லாம வந்திருப்பாங்க, அதான்" என்று முடித்துவிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன்னால் ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பதிவுக்கு எங்கள் குழு மென்பொருள் எழுதிக் கொடுத்தது. பெயர், வயது, ஊர், எந்தப் பிரிவு என்று தட்டினால் ஓ.பி. சீட்டு அச்சாகி வரும். அதுவரை நோட்டில் எழுதிக்கொண்டிருந்ததைக் கணினிக்கு மாற்றும் வேலை, அவ்வளவுதான். முதல் வாரம் ஏதாவது சிக்கல் வந்தால் பார்த்துக்கொள்ள என்னை அனுப்பியிருந்தார்கள். கவுண்டருக்கு உள்ளே, பிரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது நாளோ நான்காவது நாளோ, பதினொரு மணி இருக்கும். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். பெயர் சொன்னார், வயது சொன்னார். "ஆதார் நம்பர் சொல்லும்மா" என்றார் கவுண்டரில் இருந்தவர். அந்தப் பெண் சின்னப் பர்ஸைத் திறந்து அட்டையை எடுத்தார். பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை. எண்ணைச் சொல்ல வாயைத் திறந்தவர் நிறுத்திக்கொண்டார்.

"இது இல்லாம முடியாதாண்ணே?"

"ஸ்டார் போட்டிருக்கும்மா. போடலேன்னா கம்ப்யூட்டர் விடாது."

அவர் அட்டையைப் பார்த்தார். கவுண்டரைப் பார்த்தார். பிறகு அட்டையைத் திரும்பப் பர்ஸுக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடி, வரிசையிலிருந்து விலகிப் போய்விட்டார். பின்னால் நின்றவர் ஓர் அடி முன்னால் வந்தார். வரிசை நகர்ந்தது.

எந்தப் பிரிவுக்கு வந்தார் என்று அவர் சொல்லவில்லை. நாலைந்து காரணங்களை நான் ஊகித்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் கதைபோல இருந்தது. பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. அவர் எதைச் சொல்ல விரும்பாமல் போனாரோ, அதைத்தான் நான் உட்கார்ந்து துருவிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உறைத்தது. கம்ப்யூட்டர் ஒன்றும் விடாமல் இல்லை. அந்த ஸ்டாரைப் போட்டது நான்.

2

ஏன் போட்டேன் என்பதை நேர்மையாகச் சொல்லிப் பார்க்கிறேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. எங்களுக்கு வந்த ஆவணத்தில் "ஏதேனும் ஓர் அடையாள எண்" என்றுதான் இருந்தது. குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவத்தில் இருக்கும். தப்பாகத் தட்டினால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆதார் அப்படியில்லை. 12 இலக்கம். முதல் இலக்கம் 0 ஆகவோ 1 ஆகவோ வராது. கடைசி இலக்கம் முன்னால் இருக்கும் பதினொன்றிலிருந்து கணக்கிட்டு வருவது. யாக்கோபஸ் வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969இல் வெளியிட்ட முறை அது. ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். இருபது வரி நிரலில் எழுதிவிடலாம். எழுதினேன். சோதித்தேன், வேலை செய்தது. அந்தச் சந்தோஷத்தில் மற்ற அட்டைகளுக்கான பெட்டிகளை எடுத்துவிட்டு இதற்கு மட்டும் ஒரு சிவப்பு நட்சத்திரம் வைத்தேன்.

அதாவது ஒரு நோயாளி தன் எண்ணைத் தந்தே ஆக வேண்டும் என்று முடிவானதற்கு அரசுக் கொள்கை காரணமில்லை, பாதுகாப்பு காரணமில்லை. சரிபார்க்க வசதியாக இருந்தது. அதுதான் முழுக் காரணம்.

அந்த எண்ணை வடிவமைத்தவர்கள் என்னைவிட யோசித்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆதார் எண்ணுக்குள் எந்தத் தகவலும் இல்லை. இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். எண்ணைப் பார்த்தாலே வயதும் பாலினமும் தெரிந்துவிடும். ஆதார் எண்ணில் ஊர் இல்லை, பிறந்த தேதி இல்லை, சாதி இல்லை, மதம் இல்லை. குலுக்கிப் போட்டு எடுத்த எண். அதன்மேல் எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டு.

சிக்கல் எண்ணுக்கு வெளியே இருக்கிறது. டேட்டாபேஸ் தெரிந்தவர்களுக்கு 'ஜாயின்' தெரிந்திருக்கும். இரண்டு பட்டியல்களில் பொதுவாக ஒரு பத்தி இருந்தால் ஒரே வரியில் இரண்டையும் ஒட்டிவிடலாம். மருத்துவமனையிடம் ஒரு பட்டியல், ரேஷன் கடையிடம் ஒன்று, கல்லூரி உதவித்தொகைக்கு ஒன்று, பத்திரப் பதிவுக்கு ஒன்று. தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருக்கும். எல்லாவற்றிலும் அந்த 12 இலக்கம் இருந்துவிட்டால், அவை தனித்தனிப் பட்டியல்களாக இருப்பது யாரோ சிலருடைய கட்டுப்பாட்டைப் பொறுத்த விஷயமாகிவிடுகிறது.

முன்பு இதைச் செய்வது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். நம் பெயர்கள் அப்படி. எஸ். முருகன், முருகன் சு., முருகன் சுப்பையா மூன்றும் ஒரே ஆளாக இருக்கலாம், மூன்று பேராகவும் இருக்கலாம். ஆங்கிலத்தில் எழுதினால் ஒவ்வொரு ஆபீசிலும் ஒரு எழுத்துக்கூட்டல். குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல் முன்னால் வரும், பின்னால் வரும், சில சமயம் வராது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் குழப்பத்தைத் திட்டாத நாள் இல்லை. அந்தக் குழப்பம்தான் ஒரு வாழ்க்கையின் பல அறைகளுக்கு நடுவே சுவராக இருந்தது என்று அப்போது தோன்றவில்லை.

3

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா கேட்டார்: "நமக்கு மறைக்க என்னடா இருக்கு?"

இந்தக் கேள்வியை உங்களிடமும் யாராவது கேட்டிருப்பார்கள். பதில் சொல்வது சுலபமில்லை. "மறைக்க இருக்கு" என்றால் குற்றவாளி. "இல்லை" என்றால் பிறகு என்ன, கொடுத்துவிட்டுப் போ. ரகசியத்தையும் அந்தரங்கத்தையும் ஒன்றாகப் பாவிப்பதில்தான் இந்தக் கேள்வியின் பலம் இருக்கிறது. வெளியே தெரிந்தால் கெடுதல் வரும் என்பது ரகசியம். அந்தரங்கத்துக்குக் கெடுதல் வர வேண்டும் என்ற அவசியமே இல்லை. குளிக்கும்போது கதவைச் சாத்துகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கதவு வேண்டும். அதைத் திறப்பதும் சாத்துவதும் நம் கையில் இருக்க வேண்டும்.

அப்பா இதற்கு அசரவில்லை. "கிராமத்துல யாருக்கு என்ன தெரியாம இருந்துச்சு? யார் வீட்ல என்ன கொழம்புன்னுகூடத் தெரியும். நாங்கல்லாம் வாழலயா?"

இது சாதாரண வாதமில்லை. அந்தரங்கம் என்பதே படித்தவர்களின், நகரத்துக்காரர்களின் சொகுசு என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அரசும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னது. ஆதார் வழக்கில் 2015இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர், இந்திய அரசியல் சாசனத்தில் அந்தரங்கத்துக்கு அடிப்படை உரிமை என்ற இடமே இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டியிருந்தது. 24 ஆகஸ்ட் 2017 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாக, உண்டு என்று தீர்ப்பளித்தார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல், தன் எண்பதுகளின் நடுவில், போட்ட வழக்கு அது.

ஆனால் அப்பாவுக்குத் தீர்ப்பைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. கிராமத்தைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். கிராமத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும், சரி. புதிதாக ஒருவன் ஊருக்குள் வந்தால் கேட்கும் கேள்வி என்ன? "தம்பி எந்த ஊரு?" அடுத்து, "அங்க எந்தத் தெரு?" இரண்டாவது கேள்வி முகவரிக்காகக் கேட்கப்படுவதில்லை என்பது கேட்பவனுக்கும் தெரியும், பதில் சொல்பவனுக்கும் தெரியும். பதிலைப் பொறுத்துத்தான் திண்ணையில் இடமா, வாசலிலேயே நிற்க வேண்டுமா, டம்ளரில் தண்ணீரா, கையில் ஊற்றுவார்களா என்பது முடிவாகும். அடையாள எண்ணே இல்லாத காலத்தில், மிகத் துல்லியமாக வேலை செய்த அடையாளச் சோதனை அது. அம்பேத்கர் கிராமத்தை அவ்வளவு கடுமையாக ஏன் பேசினார் என்பது அந்தத் தெருக் கேள்விக்குப் பதில் சொல்லி வளர்ந்தவர்களுக்குப் புரியும். நகரத்துக்கு ஓடி வந்தவர்களில் எத்தனையோ பேர் சம்பளத்துக்காக மட்டும் வரவில்லை. யாரும் தெருவைக் கேட்காத இடத்துக்காகவும் வந்தார்கள். அந்தரங்கம் சொகுசு என்றால், அது அதிகம் தேவைப்பட்டது சொகுசே இல்லாதவர்களுக்குத்தான்.

அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வேறு ஏதோ பேசுவதுபோலச் சொன்னார்: "பஸ்ல ஏறுனவன்கிட்ட எங்க போகணும்னு கேப்போம். எதுக்குப் போறேன்னு கேக்க மாட்டோம். கேட்டா டிக்கெட் போட்டு முடியாது."

முப்பது வருடத்தில் எத்தனை லட்சம் பேருக்கு டிக்கெட் கிழித்திருப்பார். ஒரு டிக்கெட்டிலும் பெயர் இருந்ததில்லை. ஆனால் கணக்கு தப்பியதில்லை. ஒவ்வொரு ஸ்டேஜிலும் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும், செக்கர் ஏறினால் தலையும் டிக்கெட்டும் சரியாக இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தமிழ்நாட்டின் ஒரு திட்டம் ஞாபகம் வந்தது. 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஏறும் பெண்ணிடம் எந்த அட்டையும் கேட்பதில்லை. எந்த ஊர், எந்த மாநிலம், வருமானம் என்ன, எதுவும் கிடையாது. பணமில்லாத ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுகளை எண்ணித்தான் எத்தனை பயணம் என்று அரசு தெரிந்துகொள்கிறது, போக்குவரத்துக் கழகங்களுக்குப் பணமும் தருகிறது. கர்நாடகத்தில் 2023இல் வந்த இதேபோன்ற திட்டத்தில், அந்த மாநிலத்தவர் என்று காட்டும் அடையாள அட்டையை நடத்துநரிடம் காட்ட வேண்டும். இரண்டும் நல்ல திட்டங்கள்தான். ஆனால் ஒன்றில் பயணங்களை எண்ணுகிறார்கள், மற்றதில் பயணியை விசாரிக்கிறார்கள். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்றால் ஆள் யாரென்று தெரிந்தே ஆக வேண்டும் என்பார்கள். எங்கள் ஊர் டவுன் பஸ் தினமும் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு போகிறது.

4

இங்கேயே நிறுத்திக்கொண்டால் எனக்கு வசதி. ஆனால் என் அத்தை இருக்கிறாள்.

அத்தைக்குக் கோவில்பட்டிப் பக்கம். சின்ன வயதிலிருந்து தீப்பெட்டி ஆபீஸ் வேலை. மாமா இறந்த பிறகு விதவை பென்சன் வந்தது. முதலில் மணியார்டரில் வரும், கொண்டு வருபவருக்குப் பத்து ரூபாய் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு மாமா பெயரில். வாக்காளர் அட்டையில் பாதிப் பெயரும் யாருடையதோ வயதும். எந்த ஆபீசுக்குப் போனாலும், "நீங்கதான் அவங்கன்னு எப்படிம்மா நம்புறது?" என்பார்கள். ஆதார் எடுத்த பிறகு வங்கிக் கணக்கு திறந்தாள். பென்சன் நேராக அதில் விழுகிறது.

"மருமகனே, எம் பேரு சரியா இருக்கற மொத காயிதம் இதுதான்" என்று அந்த அட்டையை என்னிடம் காட்டியிருக்கிறாள். அவளிடம் போய் அந்தரங்கம் பற்றி வகுப்பு எடுக்க எனக்கு வாயில்லை.

ஆகவே எண்ணே கூடாது என்று நான் சொல்லவில்லை. பென்சன் பஸ் மாதிரி கிடையாது. பஸ்ஸில் ஏறியவர் அங்கேயே பயன்பெற்று இறங்கிப் போகிறார். பென்சனோ மாதாமாதம் ஒரே ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் இறந்தால் நிற்க வேண்டும், வேறு யாரும் அவர் பெயரில் வாங்கக் கூடாது. அங்கே ஆளை அடையாளம் காண்பது தேவை. இடம் பெயர்ந்து போகும் தொழிலாளி வேறு மாநிலத்தில் அரிசி வாங்க வேண்டும் என்றாலும் தேவை. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஆதார் சட்டத்தை நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் செல்லும் என்று சொன்னபோது, பெரும்பான்மை நீதிபதிகள் பிடித்துக்கொண்ட நூலும் இதுதான்: ஏழைக்கு மானியம் போய்ச் சேர வேண்டும். அதே தீர்ப்பில் தனியார் நிறுவனங்கள் கேட்பதற்கு இடம் தந்த பகுதியை ரத்து செய்தார்கள். வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமில்லை என்றார்கள். பள்ளியில் சேர்க்கக் கட்டாயமில்லை என்றார்கள். தனித்து நின்ற நீதிபதி சந்திரசூட், சட்டம் மொத்தமுமே செல்லாது என்று எழுதினார்.

ஆனால் அதே அத்தைக்கு ரேஷன் கடையில் ரேகை விழாது. நாற்பது வருடம் குச்சியும் மருந்தும் புழங்கிய விரல். முந்தானையில் துடைத்துத் துடைத்து வைப்பாள். சிவப்பு விளக்கு. கட்டை விரல், ஆள்காட்டி விரல், அடுத்த கை. "நாளைக்கு வாங்க பெரியம்மா, சர்வர் சரியில்ல" என்பார் கடைக்காரர், அவர் மனம் நோகக் கூடாது என்பதற்காக. சர்வர் சரியாகத்தான் இருக்கும். மற்ற எல்லாருக்கும் விழுந்துகொண்டிருக்கும்.

அத்தைக்கு அது மறுநாள் அலைச்சலோடு போயிற்று. 2017இல் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாரோடு இணைக்காததால் அந்த வீட்டு ரேஷன் அட்டை ரத்தாகியிருந்தது. பட்டினியால் இறந்தாள் என்று குடும்பம் சொன்னது. நோயால் என்று அரசு சொன்னது. எதனால் என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ரத்து செய்யும் அந்த நிரலை எழுதியவரும் என்னைப் போல ஓர் ஆள்தான் என்று தெரியும். அவர் எழுதிய வரியில் "குழந்தை" என்ற சொல் இருந்திருக்காது. "இணைக்கப்படாத பதிவுகள்" என்று இருந்திருக்கும்.

தேவைப்படும் இடம், தேவைப்படாத இடம் என்ற வித்தியாசமே நம்மிடம் அழிந்துபோய்விட்டது. கவலை அங்கேதான் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கிறார், இந்தப் பக்கம் இருப்பவர் கொடுக்கிறார், எதற்கென்று இருவருக்கும் தெரியாது. லாட்ஜில் அறை எடுத்தால் ஜெராக்ஸ். வாடகைக்கு வீடு பார்த்தால் ஜெராக்ஸ். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், அட்டையின் நகலைக் கண்டவரிடமும் தராதீர்கள், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்று ஓர் அறிவுரை வெளியிட்டது. இரண்டே நாளில் அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறதாம். வழக்கமான எச்சரிக்கையோடு இருந்தால் போதுமாம். வழக்கமான எச்சரிக்கை என்றால் என்ன என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. 2017இல் சுமார் 210 அரசு இணையதளங்கள் பயனாளிகளின் பெயரோடு ஆதார் எண்ணையும் எல்லோரும் பார்க்கும்படி போட்டு வைத்திருந்ததாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஆணையமே பதில் சொல்லியிருக்கிறது. அதில் திருட்டு எதுவும் இல்லை. பட்டியல் கேட்டார்கள், போட்டார்கள். என் நட்சத்திரத்தைப் போலத்தான், யாரும் யோசிக்கவில்லை.

5

"சரி, பட்டியல் இருந்தா என்ன? அதை வச்சு என்ன பண்ணிடப் போறாங்க?" இது என் நண்பன் கேட்டது. அவனும் இதே துறைதான்.

தமிழில் படிக்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கும்முன் ஒரு கணம் நிதானிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டபோது, கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல்கள் இருந்தன. எந்த வீடு தமிழருடையது என்று அதைப் பார்த்துத்தான் போனார்கள். பல வரலாற்றுப் பதிவுகளில் இருக்கும் செய்தி இது. அந்தப் பட்டியலைத் தயாரித்தவர் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார். வீடு வீடாகப் போய்ப் பெயரைச் சரியாக எழுதியிருப்பார், எழுத்துப்பிழை இல்லாமல். ஓட்டுப் போடும் உரிமைக்காக எழுதிய பட்டியல் அது. ஜனநாயகத்தில் அதைவிட நல்ல நோக்கம் என்ன இருக்க முடியும்? பட்டியலுக்கு நோக்கம் தெரியாது. எடுத்தவன் கைக்கு அது வேலை செய்யும்.

அதே 1983இல், டிசம்பர் மாதம், மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் ஒரு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வழக்கில் தீர்ப்பளித்தது. தன்னைப் பற்றிய தகவலை யாருக்கு, எதற்குத் தருவது என்று முடிவெடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. கணினி வந்த பிறகு அற்பமான தகவல் என்று ஒன்று கிடையாது என்றது. அதில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம் ஒன்று உண்டு. தன்னைப் பற்றி யாருக்கு என்ன தெரியும் என்று தெரியாத ஒருவர், தனக்குள்ள உரிமைகளைப் பயன்படுத்தாமலேயே ஒதுங்கிவிடக்கூடும் என்று அந்த நீதிபதிகள் எழுதினார்கள். ஒரு சமூகத்தின் ஜனநாயகத்துக்கே அது கேடு என்றார்கள்.

இதை முதலில் படித்தபோது, ஜிப்பை இழுத்து மூடும் ஒரு கைதான் கண்ணில் வந்தது. அவரை யாரும் துரத்தவில்லை. யாரும் மறுக்கவில்லை. எந்தத் தரவும் கசியவில்லை. அவரே போனார். ஆகவே அது எந்த அறிக்கையிலும் வராது. என் மென்பொருளில் வந்தவர்களின் கணக்கு உண்டு. திரும்பிப் போனவர்களை எண்ண அதில் இடமில்லை.

6

இதற்கெல்லாம் என்ன செய்வது? பெரிய தீர்வு என்னிடம் இல்லை. ஒரு சின்னச் சட்டப் பிரிவு பற்றி மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு எண் 1936இலிருந்து உண்டு. பல வருடங்கள் அந்த அட்டையிலேயே இது அடையாளத்துக்கானதல்ல என்று அச்சிட்டிருந்தார்கள். யாரும் மதிக்கவில்லை, எல்லோரும் அந்த எண்ணைக் கேட்டார்கள். 1974இல் அந்தரங்கச் சட்டம் கொண்டுவந்தபோது ஒரு விதி வைத்தார்கள்: அரசு அலுவலகம் ஒன்று அந்த எண்ணைக் கேட்டால், தருவது கட்டாயமா விருப்பமா, எந்தச் சட்டத்தின்படி கேட்கிறார்கள், அதை வைத்து என்ன செய்யப்போகிறார்கள் என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

அதனால் அமெரிக்காவில் எல்லாம் சரியாகிவிடவில்லை. அங்கே அந்த எண்ணை வைத்து நடக்கும் மோசடிகள் ஏராளம். ஆனாலும் அந்த விதியில் ஒரு நீதி இருக்கிறது. நம் ஊர்க் கவுண்டர்களில் காரணம் சொல்ல வேண்டியவர் எப்போதும் ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்தான். ஏன் தர மாட்டேன் என்கிறாய், என்ன மறைக்கிறாய்? அந்த விதி சுமையைத் தூக்கி உள்ளே இருப்பவர் மடியில் வைக்கிறது. கேட்கிறவர் காரணம் சொல்லட்டும். கேட்கிறவரால் காரணம் சொல்ல முடியவில்லை என்றால், பெரும்பாலும் காரணம் இல்லை என்றுதான் பொருள். எனக்கு இருக்கவில்லையே.

நம்மிடமும் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் மானியமோ சேவையோ அரசு தரும் பல இடங்களில், தனியாக ஒப்புதல் கேட்காமலேயே தரவைக் கையாள அது வழி வைத்திருக்கிறது. நாம் அதிகம் வரிசையில் நிற்பது அங்கேதான்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. அந்த நட்சத்திரத்தை எடுக்கலாமா என்று கேட்டு எழுதினேன். நிரலில் அது ஒரு சொல் மாற்றம். ஆனால் கட்டாயம் என்று ஆகிவிட்ட ஒன்றை மாற்ற யார் அனுமதி தர வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. வைத்தபோது ஒருவரும் அனுமதி கேட்கவில்லை. எடுக்க நான்கு கூட்டம். "இருந்துட்டுப் போகட்டுமே, என்ன நஷ்டம்?" என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் கேட்டார். அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். "அட்டை இல்லாம வந்திருப்பாங்க" என்றார்கள். கடைசியில் வேறு ஒரு சின்ன மாற்றத்தோடு சேர்த்து இதையும் அனுமதித்துவிட்டார்கள்.

போன வருடம் அப்பாவின் முழங்காலைக் காட்ட அதே மருத்துவமனைக்குப் போனோம். எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் கூட்டம். வரிசையில் எல்லோரும் கேட்கும்முன்பே அட்டையைக் கையில் எடுத்து வைத்திருந்தார்கள். எங்கள் முறை வந்தது. கவுண்டரில் வேறு ஒருவர் இருந்தார்.

"ஆதார் நம்பர்?"

"எதுக்குங்க?" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே யோசித்தார். திரையைப் பார்த்தார். "எல்லாரும் குடுக்குறாங்க சார். கேக்கச் சொல்லியிருக்காங்க." பிறகு, "இல்லேன்னாலும் போகும்" என்று சொல்லி, அந்தப் பெட்டியை விட்டுவிட்டு அடுத்ததுக்குப் போனார். சீட்டு வந்தது.

அப்பா சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவர் கையில் அட்டை தயாராக இருந்தது, நான் கேட்காமல் இருந்திருந்தால் கொடுத்திருப்பார். "இதுக்குப் போயி ஒரு கேள்வியாடா" என்றார், நடந்துகொண்டே.

எங்கள் பின்னால் நின்ற பெரியவர் அட்டையை நீட்டுவது கேட்டது. எண்ணை மூன்று மூன்றாகவும் இல்லாமல் நான்கு நான்காகவும் இல்லாமல், உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வரிசை முழுக்கக் கேட்கும்படி.